ஒம்பது குழி ஆட்டமும் ஒரு கிணத்துக் கணக்கும்

மூணு வாரமா இந்தப் பக்கம் வர முடியலை. முதல்ல ஒரு ஊர்ப் பயணம், வந்ததும் மஞ்சள் வெட்டு. மஞ்சள் விலை நிலவரம் எழுதச் சொல்லி ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அது அடுத்த வாரம். இன்னிக்கு எழுதப் போறது கோல்ஃப் பத்தி. சிரிக்காதீங்க. படிச்சு முடிச்சிட்டு வேணும்னா திட்டுங்க.

என் தம்பி பெங்களூர்ல ஒரு மெஷின் கம்பெனியில இருக்கான்னு முன்னமே எழுதியிருக்கேன். அவனுக்குக் கல்யாணமாகி இந்தத் தை மாசத்தோட இருபத்தஞ்சு வருஷம். "அண்ணா, நாலு நாள் கோவா போலாம். நீங்களும் அண்ணியும் கட்டாயம் வரணும். செலவு என்னுது" அப்படின்னான். மஞ்சளுக்குத் தண்ணி நிறுத்தி, தழை காய ஆரம்பிச்சிருந்த நேரம். வெட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருந்தது. பால் கறக்க மச்சானைச் சாளையில விட்டுட்டு, ரெண்டு பேரும் ஈரோட்ல ரயில் ஏறிட்டோம்.

பெங்களூர்ல இருந்து தம்பி கார். ஹூப்ளி, எல்லாப்பூர், கார்வார்னு சுத்தி, தெற்குக் கோவாவுல சால்செட் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ரோட்டுக்கு ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் தென்னை, அதைத் தாண்டினா கடல். வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யற பூமி. நம்ம ஈரோட்டுப் பக்கம் எழுநூறு பெய்ஞ்சாலே நல்ல வருஷம்னு சொல்றோம். வழியெல்லாம் நானும் வீட்டுக்காரியும் தண்ணியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கிட்டே போனோம்.

தங்கின ரிசார்ட்டுக்குள்ளேயே ஒரு சின்ன கோல்ஃப் மைதானம். முழு மைதானம்னா பதினெட்டுக் குழி, ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். இது ஒம்பது குழிதான். ஒவ்வொண்ணும் நூறு கஜத்துக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன. குழிக்கு மூணு அடி கணக்கு, ஒம்பதுக்கும் சேர்த்து 27 அடியில முடிக்கறவன் நல்ல ஆட்டக்காரன். தம்பி கம்பெனி ஆளுங்களோட ஆடிப் பழகினவன். "காலையில வெயிலுக்கு முன்னாடி ஒரு சுத்துப் போயிட்டு வந்துரலாம் வாங்கண்ணா"ன்னான். வேட்டி கட்டக் கூடாதாம், காலர் வெச்ச சட்டை வேணுமாம், செருப்பும் ஆகாதாம். தம்பியோட பேண்ட்டும் ஷூவும் போட்டுக்கிட்டு வெளியே வந்தா, வீட்டுக்காரி பார்த்துட்டு உள்ளே ஓடிப் போய்ச் சிரிச்சா.

காலை ஏழு மணி. கொட்டாயில இருந்த பையன் ஆளுக்கு நாலு மட்டையும் பந்தும் கொடுத்தான். மூணு மட்டை இரும்புத் தலை. நாலாவது, கிட்ட வந்ததும் குழிக்குள்ள உருட்டி விடறதுக்கு. பந்து 45 கிராமுக்குச் சித்தே கூட. குழி வாய் நாலேகால் அங்குலம். நம்ம ஊர்ச் சொம்பு வாயை விடச் சின்னது. அதை நூறு கஜம் தள்ளி நின்னு அடிச்சு விழ வைக்கணும். கணக்கு எழுத ஒரு அட்டையும் துண்டுப் பென்சிலும் இருந்தது. தம்பி அதை எங்கிட்டக் கொடுத்தான். "பால் கணக்கு எழுதற கை. நீங்களே வெச்சுக்கங்கண்ணா."

முதல் குழி. தம்பி அடிச்ச பந்து கொக்கு எந்திரிக்கற மாதிரி எழும்பிப் போய் கொடிக்குப் பக்கத்துல உக்காந்தது. நான் வீசினேன். காத்து. மறுபடியும் வீசினேன். காத்து. மூணாவது வீச்சுக்குப் பந்து நகரலை, ஒரு பிடி மண்ணும் புல்லும் பறந்துச்சு.

"அண்ணா, மம்பட்டி புடிக்கற மாதிரி புடிக்காதீங்க."

"நாப்பது வருஷமாப் புடிச்ச கைடா. வேற எப்படிப் புடிக்கும்?"

பேர்ந்த புல்லை எடுத்து அதே இடத்துல வெச்சு மிதிச்சு விடணும்னு சொன்னான். அதை மட்டும் நான் சுத்தமாச் செஞ்சேன். அப்புறம் கேட்டேன், "காத்துல போனதும் கணக்கா?"

"பந்தை அடிக்கணும்னு வீசினா கணக்குத்தாண்ணா. சும்மா ஒத்திகை பார்த்தாத்தான் கணக்கில்லை."

"ஒத்திகையா நெசமான்னு யாருக்குத் தெரியும்?"

"வீசுனவனுக்குத் தெரியுமில்ல."

முதல் குழியில எனக்கு ஒம்பது. அப்படியே எழுதினேன். ரெண்டாவது குழியில பந்து மணல் பள்ளத்துல விழுந்துருச்சு. தம்பி கொடிக்கு அந்தப் பக்கம் நின்னான். பள்ளத்து ஆழத்துக்கு என் தலைதான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு தடவை வீசியும் மணல்தான் எந்திரிச்சது. மூணாவதுக்குப் பந்து வெளியே போச்சு. எல்லாம் சேர்த்து ஏழு. "எத்தனைண்ணா?"ன்னு கேட்டான். "ஆறு"ன்னு சொல்லி ஆறுன்னே எழுதிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்பவும் தெரியலை. பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. ஏழை ஆறாக்கினா நான் என்னத்தைக் கட்டிக்கிட்டுப் போகப் போறேன்?

மூணாவது குழிப் பக்கத்துல நாலஞ்சு பொம்பளைங்க குந்த வெச்சு, சின்னக் கத்தியில என்னமோ நோண்டிக்கிட்டு இருந்தாங்க. கிட்டப் போய்ப் பார்த்தேன். கோரை! நம்ம மஞ்சக் காட்டுல உயிரை வாங்கற அதே கோரை. கிழங்கு ஒண்ணு மண்ணுல தங்கினாலும் மறுபடி முளைக்கும்னு அவங்க தோண்டி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. தாளவாடிப் பக்கம் மாடு வாங்கப் போய்ப் பழகின கன்னடத்துல பேச்சுக் கொடுத்தேன். ஹாவேரிப் பக்கத்துக்காரங்க. ஊர்ல ரெண்டு ஏக்கர் மானாவாரி, மழையை நம்பிப் பிரயோசனமில்லைன்னு இங்க வந்துட்டாங்களாம்.

"இது என்ன புல்லு?"ன்னு மைதானத்தைக் காட்டிக் கேட்டேன்.

"கரிகே"ன்னாங்க. கரிகேன்னா நம்ம அருகம்புல்.

குனிஞ்சு ஒரு கணுவைப் பிச்சுப் பார்த்தேன். நெசந்தான், அருகுச் சாதி. கல்யாணத்துல அருகு போல வேரோடணும்னு வாழ்த்தறோம். அதே அருகு தோட்டத்துக்குள்ள வேரோடினா கோடை உழவு ஓட்டி, கொடியெல்லாம் பொறுக்கி, வெயில்ல காய வெச்சுக் கொளுத்தறோம். அந்தப் புல்லுக்கு இங்க உரம், தண்ணி, ரெண்டு நாளைக்கு ஒருக்கா கத்திரிப்பு. தண்ணி மட்டும் ஹோட்டல்ல குளிச்ச தண்ணியைச் சுத்தம் பண்ணி விடறாங்களாம். ஊருக்கு வந்து தேடிப் படிச்சேன். வெயில் நாட்டு கோல்ஃப் மைதானத்துக்குன்னே அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல டிஃப்டன்ங்கற ஊர்ல ஒட்டு அருகு உண்டாக்கியிருக்காங்க. டிஃப்வே 419ன்னு ஒரு ரகம், 1960ல வெளியிட்டது. அது விதை கட்டாது. கொடியைத் துண்டு போட்டு நட்டுத்தான் பரப்பணும். நாம ஒழிக்க முடியாம தவிக்கற சாதியை ஒருத்தன் நடவு போட்டு வளர்க்கறான். ஆனா கோரை மட்டும் ரெண்டு பேருக்கும் எதிரி. அதுல ஒரு சந்தோஷம்.

நாலாவது குழியில எனக்கு ஒரு அடி அமைஞ்சது. வேகமா வீசாம, மட்டைத் தலையோட கனத்துக்கே விட்டுட்டேன். கோடாலியில விறகு பிளக்கறப்ப கையை இறுக்காம விடுவமில்ல, அந்த மாதிரி. சத்தமே இல்லாம பந்து கிளம்பிப் போய் கொடி இருந்த திட்டுல விழுந்து நின்னுது. கையில அடிச்ச உணர்ச்சியே இல்லை. அந்த ஒரு அடிக்காகத்தான் இத்தனை பேர் இதுக்குப் பின்னாடி அலையறாங்க போல. குழியில நாலே அடி. எழுதறப்ப பென்சிலைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.

அஞ்சாவது குழி கடலோரத்தை ஒட்டி. ஒரு பக்கம் பூராத் தாழைப் புதர். தம்பி அடிச்ச பந்து காத்துல சாய்ஞ்சு புதரோரத்து நெடும்புல்லுக்குள்ள போயிடுச்சு. தேடிக்கிட்டுப் போனான். நான் திட்டுக்குப் பக்கத்துல தென்னை மரத்தடியில நின்னேன். என் கண்ணுக்கு அவன் முதுகுகூடத் தெரியலை. பக்கத்துல ஒரு ஆள்காட்டிக் குருவி தரையில முட்டை வெச்சிருந்திருக்கும் போல, கத்திக்கிட்டே தலைக்கு மேல சுத்துச்சு. கொஞ்ச நேரத்துல பந்து வெளியே வந்து விழுந்தது. ஆடி முடிச்சதும் சொன்னான், "எனக்கு ஆறு போட்டுக்கங்கண்ணா."

"அஞ்சுதானே எண்ணினேன்?"

"உள்ளே புல்லுல மட்டையை வெச்சேன், பந்து உருண்டுருச்சு. நம்மனால அசைஞ்சா ஒண்ணு தண்டம். பந்தைப் பழைய இடத்துல வெச்சுத்தான் அடிக்கணும்."

"யாரும் பார்க்கலையேடா."

"இந்த ஆட்டமே அப்படித்தாண்ணா. போட்டியில கூட ஆடறவன் நம்ம அட்டையை எழுதுவான். ஆனா கிரிக்கெட் மாதிரி ஒவ்வொருத்தன் பின்னாலயும் அம்பயர் நிக்க முடியாது. அவனவன் தண்டத்தை அவனவனே சொல்லிக்கணும்."

நடந்துக்கிட்டே ஒரு கதை சொன்னான். பாபி ஜோன்ஸ்னு ஒரு அமெரிக்க ஆட்டக்காரர். 1925ல அமெரிக்க ஓபன் போட்டி. புல்லுக்குள்ள கிடந்த பந்து அடிக்கறதுக்கு முன்னாடி லேசா அசைஞ்சிருச்சுன்னு அவரே சொல்லித் தனக்கு ஒரு அடி தண்டம் போட்டுக்கிட்டாரு. வேற யாரும் அதைப் பார்க்கலை. கடைசியில வில்லி மெக்ஃபார்லேன்ங்கறவரோட சமமா நின்னு, மறுபடி ஆடி, அதுலயும் சமமாகி, இன்னொரு தடவை ஆடி ஒரே ஒரு அடியில தோத்தாரு. அந்தத் தண்டத்தைச் சொல்லாம விட்டிருந்தா முதல்லயே கோப்பை அவர் கையில.

தம்பி எதையும் மனசுல வெச்சுச் சொல்லலைங்க. அவனுக்குப் புடிச்ச கதை, சொன்னான். எனக்குத்தான் ஆறாவது குழியில கை ஓடலை. பந்தை ரெண்டு தடவை தாழைக்குள்ளேயே அடிச்சேன். அந்த ஆள்காட்டி வேற கத்திக்கிட்டே இருந்துச்சு. அதே சத்தத்தை ஒரு ராத்திரி ஒரு மணிக்கு எங்க கிணத்து மேட்டுல கேட்டிருக்கேன்.

இப்ப எழுதப் போறதை இது வரைக்கும் இங்க எழுதினதில்லை.

எங்க தோட்டம் ஆறு ஏக்கர். பாகம் பிரிச்சப்ப ஆளுக்கு மூணு. கிணறு பொது. ஒரே மோட்டார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. தம்பி அவன் பங்கைக் குத்தகைக்கு விட்டிருந்தான். பேர் வேண்டாம், மேற்கே மூணு கிலோமீட்டர்ல இருக்கற ஒருத்தர் ஓட்டினார். ஒரு ஏக்கர் வாழை போட்டிருந்தார். 2016ல ஐப்பசி, கார்த்திகை மழை பொய்ச்சுப் போச்சே, மறந்திருக்க மாட்டீங்க. 2017 ஜனவரியில அரசாங்கமே 32 மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சது. எங்க கிணத்துல தண்ணி அடியில. ராத்திரி பூரா ஊறி நிக்கறதைக் காலையில எடுத்தாத்தான் உண்டு. ஒன்னரை மணி நேரம் ஓடினா மோட்டார் காத்து இழுக்கும்.

என் மஞ்சள் கிழங்கு பெருக்கற நேரம். ஒரு தண்ணி, ரெண்டு தண்ணி கிடைச்சாப் போதும்னு நெலமை. அவர் முறை நாள்ல, விடியக்காலம் அவர் வர்றதுக்கு முன்னாடி, ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததும் நான் போய் மோட்டார் போட்டேன். மொத்தம் பதினோரு ராத்திரி. ஊறினதுல பாதி எனக்கு வந்துரும். அவர் அஞ்சு மணிக்கு வந்து போட்டா அரை மணி நேரத்துல கிணறு காஞ்சிரும். தார் விடற நேரத்துல வாழை நின்ன நெலையில வாடுச்சு.

ஒரு நாள் என் வாய்க்கால் ஈரமாக் கிடந்ததை அவர் பார்த்துட்டார். எங்கிட்டக் கேக்கலை. தம்பிகிட்டச் சொன்னார். தம்பி எனக்குப் போன் பண்ணினான். "கிணத்துலயே தண்ணி இல்லைடா. அவனுக்குத் தண்ணி கட்டத் தெரியலை, எம்மேல பழி போடறான்"னு சொன்னேன். தம்பி அண்ணன் பேச்சைத்தான் நம்பினான். அவர்கிட்டப் போன்லயே கடுமையாப் பேசிட்டான். அந்தச் சித்திரையில அவர் குத்தகையை விட்டுட்டுப் போயிட்டார். அப்புறம் தறிப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். சந்தையில பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவார். நான் அதுக்கு முன்னாடியே திருப்பிக்குவேன்.

ஏழாவது குழி ஆரம்பத்துல ஒரு பெஞ்சு இருந்தது. பின்னாடி ரெண்டு வெள்ளைக்காரங்க வேகமா ஆடிக்கிட்டு வந்தாங்க. அவங்களை முன்னாடி விட்டுட்டு நாங்க உக்காந்தோம். அட்டையை எடுத்துத் தம்பிகிட்டக் காட்டினேன்.

"ரெண்டாவது குழியில எனக்கு ஏழுடா. ஆறுன்னு எழுதிட்டேன்."

சிரிச்சான். "அதுக்கு என்னண்ணா, அடிச்சு எழுதிக்கங்க."

அடிச்சு ஏழுன்னு எழுதினேன். பென்சிலைக் கீழ வைக்காம மத்ததையும் சொல்லிட்டேன். பதினோரு ராத்திரியையும், போன்ல சொன்ன பொய்யையும்.

தம்பி ஒண்ணும் பேசலை. முன்னாடி போன ரெண்டு பேரும் அந்தக் குழியை முடிச்சுக் கொடியைத் திருப்பி நட்டுட்டுப் போற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் கேட்டான், "மஞ்சள் எவ்வளவு வந்துச்சு அந்த வருஷம்?"

"பதினாலு மூட்டை."

"அவருக்கு வாழையே வரலைண்ணா." எந்திரிச்சு மட்டையை எடுத்துக்கிட்டான். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுது? நான் அந்த மனுசனைத் திருடன்னு சொல்லாத குறையாப் பேசியிருக்கேன். அவர்கிட்டத்தான் சொல்லணும்."

ஏழாவதும் எட்டாவதும் பேச்சில்லாமத்தான் போச்சு. ஒம்பதாவது குழியில என் பந்து திட்டுக்கு வெளியே நின்னப்ப, "மெதுவாண்ணா, இழுத்து விடாதீங்க"ன்னான். அந்த ஒரு வார்த்தை போதும்னு இருந்தது எனக்கு. கூட்டிப் பார்த்தா தம்பிக்கு 38, எனக்கு 64. அட்டையை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன்.

திரும்பி வர்றப்ப, பெங்களூர் ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி தம்பி ஜன்னல்கிட்ட வந்து சொன்னான், "அந்த வருஷக் குத்தகை இருபதாயிரம் நான் வாங்கினது. அதை நான் அனுப்பறேன். வாழைக்கு என்ன நட்டமோ அதை நீங்க பாருங்க." வீட்டுக்காரி எங்க ரெண்டு பேர் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தா. சேலம் வர்றதுக்குள்ள அவகிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு நாள் சரியாப் பேசலை. அது நியாயம்தான்.

வந்த நாலாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம், தறி விட்டு வந்து கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தார். "வாங்க"ன்னு சொன்னார், எந்திரிக்கலை. நின்னுக்கிட்டே சொன்னேன். பாதியில நிறுத்தினார்.

"பதினோரு நாளுங்களா? நான் ஏழெட்டு நாள்னு நெனைச்சிருந்தேன்."

அப்புறம் உக்காரச் சொன்னார். அவர் சம்சாரம் காபி கொண்டு வந்து வெச்சாங்க. நான் வாழைக் கணக்குப் போட்டுக் கொண்டு போயிருந்த பணத்தையும் தம்பி அனுப்பினதையும் கொடுத்தேன். வேண்டாம்னு சொல்லுவார்னு எங்கேயோ ஒரு மூலையில நெனைச்சிருந்தேன் போல. அவர் வாங்கிக்கிட்டார். ரெண்டு தடவை எண்ணினார். "அன்னிக்கு ராத்திரி நேரா வந்து கேட்டிருந்தீங்கன்னா, பாதித் தண்ணி நானே விட்டிருப்பேனுங்க. வாழையும் கொஞ்சம் பொழைச்சிருக்கும், மஞ்சளும் பொழைச்சிருக்கும்"னார். அதுக்குப் பதில் எங்கிட்ட இல்லை. தம்பி நேர்ல வந்து பேசறேன்னு சொல்லியிருக்கான்னு சொன்னேன். "வரட்டும்"னார். அவ்வளவுதான். வாசல் வரைக்கும் கூட வந்தார்.

இப்ப தம்பி பங்குல வேற ஒருத்தர் மக்காச்சோளம் போட்டிருக்கார். மோட்டார் ரூம்ல ஒரு நாப்பது பக்க நோட்டும் கயிறு கட்டின பேனாவும் தொங்க விட்டிருக்கேன். போட்ட மணி, நிறுத்தின மணி, அவங்கவங்க கையால எழுதணும். முந்தா நேத்து மக்காச்சோளக்காரர் கேட்டார், "நீங்க எழுதறது சரி, ராத்திரியில யாருங்க வந்து பார்க்கப் போறாங்க?"ன்னு. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். நேத்துக் கரண்ட் போய்த் திரும்பி வந்ததுல என் முறை பத்து நிமிசம் கூட ஓடிருச்சு. அதையும் எழுதி வெச்சிருக்கேன். இன்னிக்கு அவருக்குப் பத்து நிமிசம் பாக்கி.

கோல்ஃப் பணக்காரங்க ஆட்டம்தானுங்க, அதுல மாத்துக் கருத்தில்லை. மறுபடி ஆடுவனான்னு தெரியலை. அந்த நாலாவது குழி அடி மட்டும் அப்பப்ப கைக்கு ஞாபகம் வருது.

மஞ்சள் வேக வெச்சுக் காயப் போட்டிருக்கேன். விலை நிலவரம் அடுத்த வாரம் எழுதறேனுங்க.